யார் முதலில் படியேறுவது

“பழைய ஆளுகளைக் கூட்டியாந்து உக்கார வெச்சா ஆரு அம்மணி பாப்பாங்க? அவங்க பேரு ஊருக்கு மறந்துபோச்சு. உன்ற பேரு ஊருக்கு இன்னும் தெரியவே இல்லை.”

நம் கேபிள் சேனலின் முதலாளி என்னிடம் சொன்னது இது. கோபத்தில் சொல்லவில்லை. டீயை உறிஞ்சிக்கொண்டே, பொழுதோட மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னார். கோபத்தில் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன்.

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு, நான் கிளம்புவதற்கு முன்னால் ஏதாவது எழுதிக்கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார் கேமரா செல்வராஜ் அண்ணன். எந்த பட்டனை எப்போது அழுத்துவது, எந்த வயர் எதில் செருகுவது என்பதையெல்லாம் அவரே சொல்லித்தருவார். லைவ் ஓடிக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது என்று தெரியாமல் கை வியர்க்குமே, அதைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தீபாவளி சமயத்தில், ஒரே மாலையில் கற்றுக்கொண்டது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கருமத்தம்பட்டியில் விசைத்தறி ஓட்டுகிறவரின் மகள். தறி ஓடுகிற வீட்டில் மெதுவாகப் பேசினால் யாருக்கும் கேட்காது. அதனால் என் குரல் சின்ன வயதிலேயே கணீர் என்று ஆகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படியை முதலில் மிதித்தவள் நான்தான். பிறகு கல்லூரிப் படியையும் மிதித்தேன். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வரும். வந்தால் வரட்டும்.

வேலைக்குச் சேர்ந்த அன்று முதலாளி என் பெயரைக் கேட்டார். “பழனியம்மாளுங்க” என்றேன். “டிவிக்கு ஒட்டாதே கண்ணு” என்று சொல்லி, அங்கேயே எனக்கு ‘ப்ரியா’ என்று பெயர் வைத்துவிட்டார். அன்றிலிருந்து கோயமுத்தூருக்கு நான் ப்ரியா. ‘பொழுதோட வாங்க’ என்ற சாயந்தர நிகழ்ச்சியை நடத்தியதும் ப்ரியாதான்.

அந்த நிகழ்ச்சிக்கு ஒரு காலத்தில் ஆள் கிடைப்பதே பாடாக இருந்தது. ஜோசியர் வந்தார், சமையல் சொல்லும் அம்மா வந்தார், பல் டாக்டர் இரண்டு முறை வந்தார். முதலாளிக்கு அலுத்துவிட்டது. அந்த நேரத்தை எடுத்து, போனில் பாட்டுக் கேட்கிற நிகழ்ச்சிக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னார். எனக்கு மிச்சமிருப்பது விளம்பர சிலைடுகளுக்கு நடுவே காணவில்லை அறிவிப்பு வாசிக்கிற வேலைதான். “ஒரே ஒரு வாரம் கொடுங்க. ‘சம்பந்தி சீன்’ ஜோடியைக் கூட்டியாறேன்” என்றேன். அதற்குத்தான் மேலே சொன்ன பதில். ஆனாலும் ஒரு வாரம் கொடுத்தார். “ஊத்திக்கிச்சுன்னா அடுத்த வாரம் பாட்டுத்தான். பொறகு எங்கிட்ட அழுகக்கூடாது” என்றார்.

உங்களுக்கு அந்த ஜோடியைத் தெரிந்திருக்காது. ‘கொடாப்பு’ மாரப்பன், ‘டமாரம்’ ரங்கநாயகி. கணவன் மனைவி இல்லை, மேடை ஜோடி. எங்கள் அப்பா இளவட்டமாக இருந்த காலத்தில் இவர்கள் நாடகம் இல்லாமல் இந்தப் பக்கம் எந்த ஊரிலும் நோம்பி, திருவிழா நடக்காது. கோழியைக் கவிழ்த்து மூடும் கொடாப்பைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்து சிரிக்கவைத்ததால் அவருக்கு அந்தப் பெயர். அந்த அம்மாவுக்குச் சிரிப்பால் வந்தது. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் சிரிப்பு.

அவர்களுடைய பெரிய வெற்றி ஒரே ஒரு காட்சி. மாப்பிள்ளையின் அப்பாவும் பெண்ணின் அம்மாவும் விருந்து வீட்டு வாசலில் நிற்பார்கள். “நீங்க முன்னால போங்க சம்பந்தி.” “ஐயோ, அது மொறையில்லீங்க, நீங்க போங்க.” இப்படியே இரண்டு பேரும் மரியாதை செய்துகொண்டு நிற்க, உள்ளே பந்தி முடிந்து இலையே எடுத்துவிடுவார்கள். நடுவில் அவர் ஒரு முழு டீக்கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு வழுக்கி விழுவார். டீ ஒரு சொட்டுகூடச் சிந்தாது. அந்த அம்மா சிரிப்பார். அவ்வளவுதான். அப்பா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார், நாங்கள் சிரிக்கும்வரை விடமாட்டார்.

பிரிந்ததும் இந்த விஷயத்தில்தான். நோட்டீஸில் யார் பெயர் முன்னால் வருவது? மேடைக்கு யார் இரண்டாவதாக வருவது? நோட்டீஸில் முன்னால் இருப்பவர் பெரியவர். மேடைக்கு இரண்டாவதாக வருபவர் பெரியவர். முதலில் நுழைகிறவர் கூட்டத்தை அடக்கி உட்காரவைப்பார், அடுத்து நுழைகிறவருக்குத்தான் விசில். இருவருக்குமே இரண்டும் வேண்டும். ஒரு நோம்பியில் ஆளுக்கொரு பக்கத் தட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, இரண்டு பேருமே மேடை ஏறாமல் வீட்டுக்குப் போய்விட்டார்களாம். அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

நான் முதலில் மாரப்பன் அவர்களைப் பார்க்கப் போனேன். பீளமேட்டில் மகனுடைய லேத்துப் பட்டறைக்கு மேல்மாடியில் இருந்தார். கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளை ஜிப்பா, முகத்தில் பவுடர், மீசைக்கு மை. நான் வருவது அவருக்குத் தெரியாது.

“எங்கியோ கெளம்பிட்டு இருக்கறீங்களா?” என்று கேட்டேன்.

மருமகள்தான் பதில் சொன்னார். “தெனமும் இப்படித்தானுங்க. கல்யாணமாகி நான் இந்த ஊட்டுக்கு வந்த நாள்லிருந்து, சாயந்தரமானா ரெடியாகிடுவாரு. கூப்பிடத்தான் ஆள் வரலை.”

“கூப்படறப்ப ஒக்காந்து சவரம் பண்ணிட்டிருக்க முடியுமா?” என்றார் அவர்.

கீழே லேத்து இரைந்தது. “டேய், அதை நிறுத்துடா, பத்திரிகைக்காரங்க வந்திருக்காங்க” என்று ஜன்னல் வழியாகக் கத்தினார். “டிவிங்கப்பா!” என்று மகன் கீழேயிருந்து கத்தினார். “எல்லாம் ஒண்ணுதான்டா” என்று இவர் திருப்பிக் கத்தினார்.

பிறகு என்னை வழியனுப்புகிற சாக்கில் தெருமுனை பேக்கரிக்கு வந்தார். மாடிப்படியில் ஒரு காலை வைத்து, மறு காலையும் அதே படியில் வைத்து, பிறகுதான் அடுத்த படி. கவனித்தேன், கேட்கவில்லை. பேக்கரியில் தளும்பத் தளும்ப ஒரு டீ வாங்கி, அதைக் குடிக்காமல், சைக்கிளுக்கும் ஸ்கூட்டருக்கும் ஊடே புகுந்து வீடுவரை கொண்டுபோனார். தினசரிப் பயிற்சியாம்.

“ஆறிப்போகாதுங்களா?”

“ஆறுனா குடிக்கலாம் அம்மணி. சிந்திப்போச்சுன்னா நான் கொடாப்பு மாரப்பனே இல்லை.”

வாசலில் நின்று என் காதோடு சொன்னார். “அவங்க வரட்டும், எனக்கு ஒண்ணுமில்லை. ஆனா அவங்க முன்னால வந்து உக்காந்திரோணும். நான் பொறகு வாரேன்.”

“சரிங்க” என்றேன்.

சென்னிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரங்கநாயகி அம்மா வீட்டுக்கு வழி கேட்டேன். டீக்கடைக்காரர், “டமாரம் ஊடா? விடியக்காலம் வந்திருந்தீன்னா நீயே கண்டுபுடிச்சிருப்பியே” என்றார். அப்போது புரியவில்லை. அந்த அம்மா தங்கை வீட்டில் இருந்தார். தங்கை மகன் தறியில் பெட்ஷீட் நெய்துகொண்டிருந்தார். அவர்தான் விளக்கம் சொன்னார். “பெரியம்மா தெனமும் காலையில முருகனைக் கும்பிட்டு முடிச்சதும், பின்வாசல்ல நின்னு சிரிப்பாங்க. தொண்டை கட்டாம இருக்கோணுமாம். எங்க வீதிக்கு மில் சங்கெல்லாம் வேண்டாமுங்க. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் எல்லாரும் அடுப்புப் பத்தவைப்பாங்க.”

அந்த அம்மா பட்டுச்சேலையில் வந்து உட்கார்ந்தார். அவரும் யாரையும் எதிர்பார்த்திருக்கவில்லை.

“அவன் வாரானா?”

“வாராருங்க.”

“கால் நல்லா இருக்குதா அவனுக்கு?”

“நல்லா இருக்குதுங்க” என்றேன். படியில் பார்த்ததைச் சொல்லவில்லை.

“அப்ப அவன் மொதல்ல வந்து ஒக்காரட்டும் கண்ணு. நான் பொறகால வாரேன். அப்பறம் காரு அனுப்பிப்போடு. டவுன் பஸ்ஸுல வந்து டமாரம் எறங்குனா நல்லாவா இருக்கும்?”

“சரிங்க” என்றேன்.

எங்கள் பக்கத்தில் ‘சரிங்க’ சொல்லாமல் ஒரு வீட்டிலிருந்து எழுந்து வரமுடியாது. முடியாது என்பதைக்கூட நாங்கள் ‘சரிங்க, பாக்கலாமுங்க’ என்றுதான் சொல்வோம். மரியாதைக்காக இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்த அந்தச் சொல், நிகழ்ச்சி அன்று என் கழுத்தைப் பிடித்தது. விருந்தினர் சொல்வதை எல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு பேருக்கு ஒரே நாற்காலியைத் தருவதாகத் தலையாட்டாதீர்கள்.

தீபாவளிக்கு முந்தைய வாரம். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில்தானே நம் ஸ்டுடியோ. கீழே துணிக்கடைக் கூட்டம், பட்டாசு சத்தம். லைவ் தொடங்கிவிட்டது. வணக்கம் சொல்லி, “இதோ உள்ளே வரப்போறாங்க” என்றும் சொல்லிவிட்டேன். யாரும் வரவில்லை. இன்னொரு முறை சொன்னேன். விளம்பரம் போடச்சொல்லிவிட்டு பால்கனிக்கு ஓடினேன்.

எதிர்ச்சாரி பேக்கரி வாசலில் மாரப்பன் கையில் டீக்கிளாஸோடு நிற்கிறார். நாலு கடை தள்ளி, நாங்கள் அனுப்பிய வாடகைக் காருக்குள் ரங்கநாயகி அம்மா நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். ஒருவர் மற்றவரைப் பார்க்கவே இல்லை. பார்க்காமலே ஒருவர் அசைவை மற்றவர் அறிந்துகொண்டுதான் இருந்தார்கள்.

கீழே ஓடினேன். “ஐயா, லைவ் போயிட்டிருக்குதுங்க. வாங்க.”

“அவங்க லேடீஸுங்க. அவங்க முன்னால போகட்டும். அதுதானே மொறை?”

காருக்கு ஓடினேன். “அம்மா, வாங்கம்மா.”

“அவரு பெரியவரு கண்ணு. பெரியவங்க முன்னால போகாம நான் எப்படிப் போறது? மரியாதையா இருக்குமா?”

ஒருவர் மேல் ஒருவர் இவ்வளவு மரியாதையைப் பொழிந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வரும்போல இருந்தது. மாடியிலிருந்து முதலாளி எட்டிப்பார்த்தார். வெளியே போன கையை உள்ளே இழுப்பதுபோல ஒரு சைகை காட்டினார். முடித்துக்கொள், பாட்டுப் போடலாம் என்று அர்த்தம்.

அந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதை உள்ளபடி சொல்கிறேன். முதலில் அவர்கள்மேல் ஆத்திரம் வந்தது. ஒரு படியேறுவதில் என்ன வந்துவிடப்போகிறது? இத்தனை காலம் ஆகியும் இந்தப் பிடிவாதமா? அடுத்த நொடி, அவர்களை வெறுமனே பார்த்தேன். அவர் கையில் தளும்ப நிற்கும் டீ. கூட்டம் இடித்துக்கொண்டு போகிறது, ஒரு சொட்டு சிந்தவில்லை. அந்த அம்மா காருக்குள்ளே முந்தானையைச் சரிசெய்து, முகத்தை வெளிச்சத்துக்கு வாகாகத் திருப்பி வைத்திருக்கிறார். இவர்கள் எந்த நாடகத்தை மறக்கமுடியாமல் இருக்கிறார்களோ, அந்த நாடகம் இந்தத் தெருவில் ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது. விருந்து வீட்டு வாசல்தான் எங்கள் மாடிப்படி. நாங்கள்தான் கேமராவை வேறு பக்கம் திருப்பி வைத்திருக்கிறோம்.

“செல்வராஜண்ணா! விளம்பரத்தை நிறுத்தச் சொல்லுங்க! கேமராவை பால்கனிக்குக் கொண்டாங்க! மைக்கை வயரோட கீழ எறக்குங்க!”

“வயரு பத்தாது அம்மணி!”

“பத்துற வரைக்கும் எறக்குங்க!”

மைக் ஆடிக்கொண்டே கீழே வந்தது. என் தலைக்கு மேல் நின்றுவிட்டது. துணிக்கடையில் இருந்து ஒரு ஸ்டூலை வாங்கிப் போட்டு ஏறி நின்று பிடித்தேன். பட்டுச்சேலை கட்டிய தொகுப்பாளினி நடுத்தெருவில் ஸ்டூல்மேல் நின்றால் கூட்டம் சேராதா? சேர்ந்தது. டவுன் பஸ்ஸும் நின்றது.

ரங்கநாயகி அம்மாதான் முதலில் கவனித்தார். பால்கனியில் கேமரா தெருவைப் பார்த்துத் திரும்புவதைக் காருக்குள்ளிருந்தே கண்டுகொண்டார். கதவு திறந்தது. இறங்கினார். முந்தானையை ஒருமுறை உதறி இடுப்பில் செருகினார். பிறகு வந்த குரல் நான் சென்னிமலையில் கேட்ட குரல் இல்லை.

“ஏனுங்க சம்பந்தி! ஊட்டு வாசலுக்கு வந்துபோட்டு, ரோட்டுல நின்னு டீ குடிச்சா என்னுங்க அர்த்தம்? உள்ளார போங்க!”

மாரப்பன் நிமிர்ந்து பார்த்தார். ஒரு நொடிகூட ஆகவில்லை. தோள் இறங்கியது, முதுகு வளைந்தது, பெண் வீட்டாரிடம் பணிகிற மாப்பிள்ளையின் அப்பாவாக மாறிவிட்டார்.

“நீங்க நிக்கறப்ப நான் போறதுங்களா சம்பந்தி? நாலு பேரு என்ன சொல்லுவாங்க?”

“நாலு பேரு எங்கீங்க? நானூறு பேரு நின்னு பாக்கறாங்க. போங்க!”

“நீங்க போங்க!”

பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, “ஆராச்சும் ஒருத்தர் போங்க சாமி, நான் பஸ்ஸை எடுக்கோணும்” என்றார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பி, கையைக் கூப்பி, “ஐயோ, டிரைவருங்க இருக்கறப்ப நாங்க போறதா? நீங்க மொதல்ல போங்க!” என்றார். தெருவே சிரித்தது. பஸ்ஸுக்குள் இருந்தவர்களும் சிரித்தார்கள். கூட்டத்தில் யாரோ, “அட, இது கொடாப்பு–டமாரம்டா!” என்று கத்த, இன்னொருவர், “டமாரம்–கொடாப்பு!” என்று திருத்தினார். பேர் வரிசையில் ஊரே இரண்டு கட்சி என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மாரப்பன் கிளாஸை உயர்த்திப் பிடித்துத் தெருவைக் கடக்கத் தொடங்கினார். அடுத்து வருவது வழுக்கல் என்று எனக்குத் தெரியும். அவரைப் படியில் பார்த்தவள் நான். வேண்டாம் என்று கத்த வாயெடுத்தேன். அதற்குள் வழுக்கினார். நேர்த்தியான வழுக்கல். கால் முன்னே போக, முதுகு பின்னே சாய, கிளாஸ் மட்டும் அந்தரத்தில் கட்டித்தொங்கவிட்டதுபோல நின்றது. கூட்டம் கைதட்டியது. ஆனால் முழங்கால் மடங்கிய விதம் நடிப்பு இல்லை. அவர் முகத்தில் ஒரு வலி ஓடியது. எழமுடியவில்லை. கிளாஸ் நடுங்கத் தொடங்கியது.

அந்த அம்மா இரண்டே எட்டில் பக்கத்தில் வந்துவிட்டார். நான் உங்களிடம் சொல்ல நினைத்ததே இந்த இடத்தைத்தான். அவர் கையை நீட்டினார். விழுந்தவருக்குக் கைகொடுக்கத்தான் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வோம். அவர் மாரப்பனுடைய கையைத் தொடவில்லை. டீக்கிளாஸை வாங்கினார். கூட்டத்தைப் பார்த்தபடி அந்த ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார். “சக்கரை கம்மி சம்பந்தி!” என்று சொல்லிவிட்டு, சிரித்தார்.

அந்தச் சிரிப்பை எழுத்தில் எழுதத் தெரியவில்லை. மேலே சத்தம் காட்டும் மீட்டரில் ஊசி எகிறி அடித்தது என்று பிறகு சொன்னார்கள். தெருவில் ஒரு கண்கூட மாரப்பன் பக்கம் இல்லை. எல்லாக் கண்ணும் அந்த அம்மாமேல்.

கைகொடுத்துத் தூக்கியிருந்தால், பாவம் கிழவர் விழுந்துவிட்டார் என்று ஊர் சொல்லியிருக்கும். கிளாஸை வாங்கியதால் அது காட்சியாகவே இருந்தது. அவர் எழுவதற்கு வேண்டிய நேரத்தை அந்தம்மா தன் சிரிப்பிலிருந்து எடுத்துக்கொடுத்தார்.

என் வேலை மேலே இருந்தது. நிமிர்ந்து பால்கனியைப் பார்த்தேன். செல்வராஜ் அண்ணன் கைப்பழக்கம் உங்களுக்குத் தெரியுமே, எங்கே நடுக்கம் இருக்கிறதோ அங்கே தானாக ஜூம் போய்விடும். லென்ஸ் கீழே, மாரப்பனின் முழங்காலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. நான் தலையைப் பலமாக ஆட்டினேன். மைக் பிடிக்காத கையால் அந்த அம்மாவின் முகத்தைக் காட்டினேன். ஒரு கணம் தயங்கினார். லென்ஸ் திரும்பியது. மாரப்பன் விளக்குக் கம்பத்தைப் பிடித்து எழுந்து ஜிப்பாவைத் தட்டிக்கொண்டது எந்த வீட்டு டிவியிலும் வரவில்லை.

உங்களுக்கும் ஒருநாள் இப்படி ஒரு முழங்கால் லென்ஸுக்குள் வரும். பார்க்கிறவர்கள் அதை விரும்புவார்கள் என்றும் தோன்றும். அப்போது என்ன செய்வது என்று நான் சட்டம் போடப்போவதில்லை. கிளாஸை வாங்கிய கையை நினைத்துக்கொள்ளுங்கள். போதும்.

இன்னும் பாதி நிகழ்ச்சி மிச்சமிருந்தது. மாடிப்படி அப்படியே இருந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கி, இப்போது யாரை முதலில் கூப்பிடுவது என்று விழித்துக்கொண்டு நின்றேன்.

ரங்கநாயகி அம்மா படிக்கட்டைப் பார்த்தார். குறுகலான, உயரமான படிகள். மாரப்பனுடைய காலையும் பார்த்தார். பிறகு கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார்.

“நான் முன்னால போறேன். அவரு ஸ்டாருங்க. பொறகால, மெதுவா, ராசா மாதிரி வரட்டும்.”

அத்தனை காலமாக விட்டுக்கொடுக்காததை விட்டுக்கொடுத்துவிட்டு விறுவிறுவென்று மேலே போனார். உள்ளே உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். ஒருவர் வருவதற்கு ஊர் எப்படிக் காத்திருக்கவேண்டும் என்று பேசிக்கொண்டே போனார். மாரப்பன் ஒரு படிக்கு இரண்டு காலாக ஏறி வந்து சேரும்வரை பேச்சை இழுத்தார். அவர் வாசலில் தெரிந்ததும், எழுந்து நின்று, விரலை மடக்கி வாயில் வைத்து விசில் அடித்தார். மேடையில் அவருக்குக் கிடைக்கவேண்டியிருந்த விசில் அது.

மாரப்பன் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அறிமுகம் சொல்லச் சொன்னேன். “வணக்கமுங்க. டமாரம்–கொடாப்பு வந்திருக்கறோமுங்க” என்றார்.

அந்த அம்மாவின் பேரை முன்னால் போட்டுச் சொல்கிறாரே என்று நான் உருகிப்போனேன். அந்த அம்மா உருகவில்லை. “இப்ப மட்டும் என்ன தாராளம்? கேமராவைக் கண்டதுமா? அன்னைக்கு நோட்டீஸ்ல போட்டிருந்தா என்ன கொறைஞ்சுபோயிருக்கும்?” என்று பிடித்துக்கொண்டார். மீதி நேரம் முழுக்க அந்தச் சண்டைதான். போன் விடாமல் அடித்தது. பழைய நினைவுகளைப் பற்றிக் கேட்க நான் எழுதி வைத்திருந்த கேள்விகளில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. அவர்களுக்கு அது பழையதாகவே இல்லை.

முடிந்து இறங்கும்போது மாரப்பன் படியின் தலைமாட்டில் நின்றார். “எறங்கறப்பவும் நீங்களே முன்னால போங்க. நான் உருண்டா புடிக்கறதுக்கு ஆள் வேணுமல்லோ.”

“உருண்டு வா. கிளாஸை மட்டும் எங்கிட்டக் குடுத்துப்போடு” என்றார் அந்த அம்மா.

பழைய புகழை விடமுடியாதவர்களைப் பார்த்து நம் தொழிலில் சிரிப்பார்கள். நீங்களும் சிரிப்பீர்கள், நானும் உள்ளுக்குள் சிரித்தவள்தான். பவுடர் போட்டு உட்கார்ந்திருப்பதும், பின்வாசலில் நின்று சிரிப்பதும் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். விட்டுவிட்டிருந்தால் அந்தச் சாயந்தரம் அவர்கள் கையில் என்ன இருந்திருக்கும்? கூப்பிட்ட நொடியில் எழுந்து நின்றார்களே, அது எத்தனை வெறும் சாயந்தரங்களில் சேர்த்து வைத்தது?

மறுநாள் காலையில் முதலாளி, “ஸ்கிரிப்ட் ஆரு அம்மணி எழுதுனது? பிரமாதம்” என்றார். எல்லோருமே அது முன்கூட்டி எழுதியது என்றுதான் நினைத்தார்கள். நான் மறுக்கவில்லை. பாட்டு நிகழ்ச்சிப் பேச்சு அத்தோடு நின்றது. அந்தத் தைரியத்தில் கேட்டேன். “இனிமே டைட்டில்ல என் பேரைப் போடலாமுங்களா? பழனியம்மாள்னு.”

அவர் சிரித்தார். “ப்ரியான்னுதான் ஊரே கூப்பிடுது. மாத்துனா கொழப்பம். பேருல என்ன கண்ணு இருக்குது?”

“சரிங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் பக்கத்து ‘சரிங்க’.

பேரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களின் பேர் எப்போதும் எங்காவது எழுதியிருக்கும். எங்கள் வீட்டில் முதன்முதலாக எழுத்தில் ஏறிய பேர் என்னுடையது. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் எழுதியதை அம்மாவும் அப்பாவும் நின்று பார்த்தார்களாம். படிக்கத்தெரியாமல் பார்த்தார்களாம். ஒரு நோட்டீஸுக்காகப் பிரிந்த இரண்டு பேரைச் சந்தித்த பிறகு, அதைக் கேட்பதில் எனக்கு வெட்கம் போய்விட்டது.

அதனால்தான் கிளம்புகிறேன். நிகழ்ச்சி தயாரித்துக் கொடுக்க ஒரு சொந்த இடம். சிங்காநல்லூர் குளத்துக்குப் போகிற வழியில் அறை பிடித்து, போர்டும் மாட்டியாயிற்று. போர்டு எழுதியவர், “எழுத்து எத்தனை பெருசு வேணுமுங்க?” என்று கேட்டார். பஸ்ஸில் போகிறவர்கள் படிக்கிற அளவுக்கு என்றேன். அப்பா கருமத்தம்பட்டியிலிருந்து பார்க்க வந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு, “இதுல எது கண்ணு உன்ற பேரு?” என்றார்.

“முழுசும் என்ற பேருதானுங்கப்பா.”

“முழுசுமா?” என்று நாலடி பின்னால் போய் நின்று இன்னொரு முறை பார்த்தார்.

திறப்பு விழாவுக்கு இரண்டு பேரையும் நேரில் போய் அழைத்துவிட்டேன். மாரப்பன், “வாரேன். அவங்க வந்து உக்காந்த பொறகு” என்றார். ரங்கநாயகி அம்மா, “அன்னைக்கு விட்டுக்குடுத்தேன்னா எப்பவுமா? இந்தவாட்டி அவன் முன்னால வரட்டும்” என்றார். இந்த முறை நான் யாருக்கும் ‘சரிங்க’ சொல்லவில்லை. “வாங்க, நான் பாத்துக்கறேன்” என்றேன்.

தரைத்தளத்தில் தேடிப் பிடித்த அறை அது. ஒரு படிகூடக் கிடையாது. வாசலுக்கு இரட்டைக் கதவு. இரண்டு பேர் தோளோடு தோளாக நுழையலாம். நேற்றே இரண்டு கதவுகளின் தாழ்ப்பாளுக்கும் எண்ணெய் போட்டுத் திறந்து பார்த்துவிட்டேன்.